'நாகரிகம் அடைந்த' மக்கள்

மெய்ப்பு பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பு நூலில் இப்படி ஒரு வரி: "ஐரோப்பியர் வரும்வரை இக்கடற்கரை மக்கள் நாகரிகம் அடைந்திருக்கவில்லை." மண்டபம், பாம்பன், தேவிபட்டினம் என்று நாங்கள் வாழும் கரையைப் பற்றிய பேச்சு அது. 'நாகரிகம் அடைந்த', 'நாகரிகம் அடையாத' என்பதை எத்தனை நூல்களில்தான் பார்ப்பது! நாகரிகம் என்ன ராமேஸ்வரமா, ரயிலேறிப் போய் அடைவதற்கு?

'சிவிலைஸ்டு' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனின் 'சிவிஸ்', அதாவது நகரக் குடிமகன். நம் சொல்லும் நகரிலிருந்து வந்ததுதான். அந்த நகர் வடசொல்லா தமிழா என்று தனித்தமிழ் அறிஞர் பாவாணரின் வழியினரும் மற்றவர்களும் வழக்காடட்டும். சங்கப் பாட்டில் நகர் என்றால் பெரிய வீடும்தான் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

வேரைவிடச் சொல்லின் வாழ்வு முக்கியம். நற்றிணை 355ஆம் பாட்டில் 'முந்தை இருந்து நட்டோர் கொடுப்பின் நஞ்சும் உண்பர் நனி நாகரிகர்' என்று வருகிறது. வள்ளுவரும் நஞ்சைத்தான் கொண்டுவருகிறார்: 'பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்.' இந்தக் குறள் இருப்பது கண்ணோட்டம் அதிகாரத்தில். எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடக் கூடாது என்று தன் வாயைக் கட்டிக்கொள்வதே இங்கே நாகரிகம். கோட்டை, கொத்தளம், எழுத்து, நாணயம் எதுவும் இதில் இல்லை.

எங்கள் பக்கத்துக் குப்பங்களில் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிநீர் எடுப்பார்கள். கோடையில் அது உவர்த்துப் போகும், தேநீரும் கரிக்கும். கணக்கெடுக்க வந்த இருவருக்கு ஒரு வீட்டில் அந்தத் தேநீரைக் கொடுத்தார்கள். படித்த இளைஞர் ஒரு வாய் குடித்துவிட்டு வாசலில் துப்பினார். கூட வந்த ஓட்டுநர் கடைசிச் சொட்டுவரை குடித்து, "நல்லா இருக்கு தாயி" என்று தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். நற்றிணையின் நாகரிகர் யார் என்று கேட்டால் நான் அந்த ஓட்டுநரைத்தான் காட்டுவேன்.

நண்பரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், நாகரிகமே வேண்டாம், 'பண்பட்ட மக்கள்' என்று போடுங்கள் என்கிறார். தூய தமிழாம். தூய்மை சரி, பொருள்? பண்படுத்துவது நிலத்தை. பண்பாடு என்ற சொல்லை அந்த உழவு வாடையோடுதான் 'கல்ச்சர்' என்பதற்கு ஈடாக வைத்திருக்கிறோம்; ஒரு சொல்லை இரண்டு வேலைக்கு அனுப்பினால் இரண்டும் கெடும். அதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. பண்பட்ட நிலம் என்றால் உழுதவன் ஒருவன் இருக்க வேண்டும். மக்களைப் பண்பட்டவர் என்றால், உழுதவன் யார்? 'உங்களைத் திருத்த வந்தோம்' என்ற துரைமாருக்கு ஏரைக் கையில் கொடுக்கிற சொல் இது. சில சாதியினரைப் பிறவிக் குற்றவாளிகளாக்கி, 1911இல் திருத்தி எழுதப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டமும் இப்படித்தான் பேசியது. இந்த மாவட்டத்திலும் மனிதர்களின் விரல்ரேகையை எடுத்து இரவுகளில் காவலில் வைத்துவிட்டு, அதற்குச் சீர்திருத்தம் என்று பெயரிட்டார்கள். சென்னை மாகாணத்தில் அது ஒழிய 1947 ஆயிற்று. ரேகை எடுத்தவன் பண்பட்டவன், கொடுத்தவன் பண்படாதவன் என்று எழுத என் கை வராது.

எதிர்த்து எழுதுகிறவர்களும் அதே குழியில்தான் விழுகிறார்கள். உடனே இதே கரையில் அகழாய்வு நடந்த அழகன்குளத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். 1986 முதல் அங்கே தோண்டியதில் ரோமானியக் காசு கிடைத்தது, கப்பல் உருவம் கீறிய பானை ஓடு கிடைத்தது. ஆகவே நாங்கள் அப்போதே நாகரிகம் அடைந்துவிட்டோம்! அந்தப் பானை ஓட்டில் எனக்கும் பெருமைதான். ஆனால் அது மண்ணுக்குள்ளேயே கிடந்திருந்தால் கரைவலை இழுத்தவர்கள் காட்டுமிராண்டிகளா? நகரும் வணிகமும் இருந்தன என்பதைச் சொல்ல 'நகர வாழ்வு', 'கடல் வணிகம்' என்ற சொற்கள் போதும். இன்னொன்று: பிற மொழிக்காரரை மிலேச்சர் என்றது முல்லைப்பாட்டு. இளக்காரம் வெள்ளைக்காரனுக்கு மட்டும் வாய்த்ததல்ல.

என் முடிவு இதுதான். மூலநூலார் நகரம், எழுத்து, அரசு ஆகியவற்றைக் குறித்தால் அவற்றையே பெயர் சொல்லி எழுத வேண்டும். அவர் தற்பெருமை பேசினால் அந்தப் பெருமை அவர் வாயிலேயே இருக்கட்டும்: 'தங்களை நாகரிகர் என்று சொல்லிக்கொண்டவர்கள்.' சர்வதேச நீதிமன்றச் சட்டத்தின் 38ஆம் பிரிவு போன்ற ஆவணங்களில் 'நாகரிக நாடுகள்' என்றே வைக்கலாம். 1945இல் எழுதியவர்களின் மிடுக்கை மொழிபெயர்ப்பாளர் மறைக்கக் கூடாது. 'அடைந்த' மட்டும் எங்கும் வேண்டாம்.

இவ்வளவையும் சுருக்கி ஓரத்தில் எழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்துத் திருத்திய படி வந்தது. என் குறிப்பில் எதையும் ஏற்கவில்லை. ஆனால் நூல் முழுவதும் 'நாகரிகம்' என்று சரியாக இருந்ததையெல்லாம் 'நாகரீகம்' என்று நீட்டியிருந்தார்கள்.