57 நாடுகள், ஒரு மறுப்பு

ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ அதிகாரம் உண்டு என்பது பலருக்கும் தெரியும். வியன்னாவில் இயங்கும் ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பில் (ஓஎஸ்சிஇ) கிட்டத்தட்ட அதே அதிகாரம் 57 உறுப்பு நாடுகளுக்கும் இருக்கிறது. அங்கே பெரும்பான்மைக் கணக்கு கிடையாது. யாரும் எதிர்க்காவிட்டால் தீர்மானம் நிறைவேறும், ஒரே ஒரு நாடு மறுத்தாலும் நிறைவேறாது. அமெரிக்கா, ரஷ்யா, வாடிகன் எல்லாமே அதில் உறுப்பினர்கள். இந்த அமைப்புக்கு அடித்தளமிட்ட 1975 ஹெல்சிங்கி மாநாட்டில் பனிப்போரின் இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்ததற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம்.

ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்த மூன்றாம் நாள், 2014 மார்ச் 21 அன்று, உக்ரைனுக்குக் கண்காணிப்புக் குழு அனுப்ப ரஷ்யாவும் சம்மதித்தது. கிரிமியா அதில் அடங்காது என்பது அதன் வாதம். குழுவினர் கையில் ஆயுதம் இல்லை. பார்ப்பது, கேட்பது, எழுதுவது, அவ்வளவுதான் வேலை. வெடிச்சத்தம் எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில், எந்த ஆயுதத்திலிருந்து வந்தது என்று காதாலும் கேமராவாலும் ட்ரோனாலும் குறித்து அறிக்கை வெளியிட்டார்கள். திசை பிடிபடாவிட்டால் பிடிபடவில்லை என்றே எழுதினார்கள். போர்நிறுத்த மீறல்களை எண்ணினார்களே தவிர, குற்றவாளி யார் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. கேலி செய்தவர்களும் உண்டு.

கிழக்கு உக்ரைனில் அரசுப் படைகளும் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகளும் மோதிக்கொண்டிருந்தார்கள். அங்கே அவ்தியிவ்கா, யாசினுவாத்தா என்ற ஊர்களுக்கு நடுவே, போர்முனையிலேயே, தனெத்ஸ்க் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. இரு பக்கத்திலும் சேர்த்து 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போனது. குண்டு பட்டு ஏதாவது பழுதானால் சரிசெய்யும் ஊழியர்கள் உள்ளே போக, சில மணி நேரமாவது இரு தரப்பும் சுடாமல் இருக்க வேண்டும். அந்த உறுதிமொழியை வாங்க உதவியதும், வேலை முடியும்வரை பக்கத்தில் நின்று கவனித்ததும் இந்தக் குழுதான். யாராவது சுட்டால் அறிக்கையில் ஏறிவிடும். எண்ணிக்கைப் பட்டியல்களைவிட இந்த வேலைதான் அதிகம் பயன்பட்டது என்பேன். இது ஆபத்தில்லாத வேலையுமல்ல. 2017 ஏப்ரலில் லுகான்ஸ்க் பகுதியில் குழுவின் வாகனம் கண்ணிவெடியில் சிக்கியதில் உடன் சென்ற மருத்துவப் பணியாளர் ஒருவர் இறந்தார்.

2022 பிப்ரவரியில் முழுப்போர் வெடித்தது. குழுவின் பதவிக்காலம் மார்ச் 31-ல் முடிய இருந்தது. நீட்டிக்க ரஷ்யா சம்மதிக்கவில்லை, குழு கலைந்தது. கண்காணிப்பு மிக அதிகமாகத் தேவைப்பட்ட நேரத்தில் கண்காணிக்க ஆளில்லை.

சம்பந்தப்பட்ட நாட்டை மட்டும் ஒதுக்கிவிட்டு முடிவெடுக்க வழியில்லையா? உண்டு. 1992-ல் யூகோஸ்லாவியாவை அப்படித்தான் இடைநிறுத்தினார்கள். ஆனால் ரஷ்யாவை ஒதுக்கினாலும் அதன் கூட்டாளியான பெலாரஸ் மறுக்கும். அந்தக் கதவும் அடைபட்டது.

திறந்திருந்தது 'மாஸ்கோ நடைமுறை'. 1991 அக்டோபரில், சோவியத் ஒன்றியம் கலைய மூன்று மாதம்கூட இல்லாத நேரத்தில், அந்த நகரிலேயே ஒப்புக்கொண்டது. மனித உரிமைக்குக் கடும் ஆபத்து என்று ஒரு நாடு சொல்லி ஒன்பது நாடுகள் ஆதரித்தால் போதும், நிபுணர் விசாரணை தொடங்கிவிடும். குற்றம் சாட்டப்பட்ட நாட்டின் அனுமதி வேண்டாம். 2022 மார்ச் 3 அன்று உக்ரைனின் ஆதரவோடு 45 நாடுகள் இதைக் கையிலெடுத்தன. மூன்று சட்டப் பேராசிரியர்கள் ஏப்ரலில் அறிக்கை கொடுத்தார்கள். ரஷ்யா ஒத்துழைக்கவில்லை. மரியுபோல் மகப்பேறு மருத்துவமனைத் தாக்குதல் போர்ச் சட்டத்தை மீறியது என்று அறிக்கை சொன்னது. போர்க்கைதிகளை நடத்திய விதத்தில் உக்ரைன் தரப்பின் மீறல்களையும் அது விட்டுவிடவில்லை. அதனால்தான் அதை எளிதில் ஒதுக்க முடியவில்லை. 2023-ல் வந்த இன்னோர் அறிக்கை, உக்ரைன் குழந்தைகள் ரஷ்யாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டதை ஆராய்ந்தது.

இந்த அறிக்கைகளால் யாரையும் கைதுசெய்ய முடியாது. விசாரிப்பவர்களுக்கு, தேதியும் இடமும் குறித்த ஆவணமாக இவை பயன்படும். களப்பணிக்கு வேறு வழி கண்டார்கள். 2022 நவம்பரில் தொடங்கிய உக்ரைன் உதவித் திட்டத்துக்குப் பொது பட்ஜெட்டிலிருந்து காசு எடுக்கவில்லை, விரும்பிய நாடுகள் தனியாகக் கொடுத்தன. அதற்கு 57 பேரின் சம்மதம் தேவைப்படவில்லை.