பார்த்துக்கொள்பவருக்கும் ஓர் ஓ.பி. சீட்டு

பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம் சுற்றுவட்டாரக் கிராமங்களில்தான் பெரும்பாலும் வேலை. ஒரு வீட்டுக்குப் போனதும் முதலில் படுத்திருப்பவரின் கை காலைப் பார்ப்பேன். அடுத்து, அவரைப் பார்த்துக்கொள்பவர் எப்படி உட்காருகிறார், எப்படி எழுந்திருக்கிறார் என்று கவனிப்பேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது ஆளுக்காக.

அநேகமாக அது ஒரு பெண். மனைவி, மருமகள், இல்லையென்றால் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டுத் தினமும் வந்துபோகும் மகள். சில வீடுகளில் மனைவியைப் பார்த்துக்கொள்ளும் வயதான கணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்கள். டெல்டாவில் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். பணம் தவறாமல் வந்துவிடும், ராத்திரி வீடியோ காலும் வந்துவிடும். "அப்பாவ நல்லா பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவது, மூத்திரப் பையைக் காலி செய்வது, துணி அலசுவது என்று கையால் செய்கிற வேலை முழுவதும் வீட்டில் இருக்கும் ஒரே ஆளின் தலையில்தான்.

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு வீடு. மாமனாருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. மருமகளுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. கணவர் வெளிநாட்டில். சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம்; முந்தைய வருடம் வரை அவரும் நடவுக்குப் போனவர்தான். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டேன். "தூக்கம் எங்கங்க, அவரு இருமுனாலே எந்திரிச்சிடுவேன்" என்றார். ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. அதற்குள் மாமனாரின் ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு எல்லாம் தேதி வாரியாக அடுக்கியிருந்தன. உங்கள் மாத்திரைச் சீட்டு எங்கே என்றதற்கு, "எனக்கு என்னங்க, நல்லாத்தான் இருக்கேன். தலை மட்டும் அப்பப்ப வலிக்கும்" என்று சொன்னார். பிரஷர் பார்த்தால் கீழ் அளவு நூறைத் தாண்டியிருந்தது. மாமனாருக்குப் பக்கவாதம் வந்ததே கவனிக்காமல் விட்ட பிரஷரால்தான்.

இதே நிலையை வீட்டுக்கு வீடு பார்க்கிறேன். அதனால் பார்த்துக்கொள்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் பெயரில் ஓர் ஓ.பி. சீட்டு போடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் பார்க்கக் காசு கிடையாது. அங்கே போகவும் நேரமில்லையா? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம், "எனக்கும் பாருங்க" என்று சொல்லுங்கள். அவர்கள் அந்த வேலைக்காகவே வருகிறவர்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. படுக்கையில் இருப்பவருக்கு வீட்டிலேயே பிசியோதெரபி கொடுப்பதும், நோய் ஆதரவுச் செவிலியர் வந்து படுக்கைப் புண், டியூப் போன்றவற்றைப் பார்ப்பதும் அதே திட்டத்தில் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியவில்லை. கேட்டால்தான் பட்டியலில் பெயர் ஏறும். ஊர் கிராம சுகாதார செவிலியரிடம், "எங்க வீட்ல படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்கார், எழுதிக்குங்க" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். செவிலியர் வரும் நாளில் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்காமல், புண்ணுக்கு மருந்து போடுவதையும் டியூப் வழியாக உணவு கொடுப்பதையும் நீங்களே ஒருமுறை அவர் முன்னால் செய்து காட்டுங்கள். செய்வது சரிதானா என்ற பயம் போனாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

அப்புறம் இடுப்பு. இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படுத்திருப்பவர் கட்டிலில் கீழே சரிந்துவிட்டால், தலைமாட்டில் நின்று இரண்டு அக்குளிலும் கை கொடுத்து மேலே இழுப்பதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். உங்கள் முதுகும் போகும், விழுந்த பக்கத்துத் தோள் மூட்டும் நழுவும். பழைய பருத்திப் போர்வையையோ வேட்டியையோ நாலாக மடித்து, அவருடைய தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் விரித்து வையுங்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் நின்று, துணியை அவர் உடம்போடு ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சேர்ந்து நகர்த்துங்கள். தூக்க வேண்டாம், நகர்த்தினால் போதும். தனியாக இருந்தால் இதே துணியின் எதிர்ப்பக்க ஓரத்தைப் பிடித்து உங்கள் பக்கமாக இழுத்து, அவரை ஒருக்களித்துப் புரட்டலாம். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கு நடுவில் ஒன்று, குதிகால் கட்டிலில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று.

கட்டில் உங்கள் இடுப்பு உயரத்துக்கு வருவது நல்லது. நம் வீட்டுக் கட்டில்கள் தாழ்வு. எழுந்து உட்காரவே முடியாதவர் என்றால், கட்டில் கால்களுக்கு அடியில் ஆடாத கல்லாகப் பார்த்து வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள், பக்கவாட்டில் தடுப்பும் கட்டாயம் வேண்டும். உட்காரவும் நிற்கவும் பழகுகிறவர் என்றால் உயர்த்தாதீர்கள்; அவர் பாதம் தரையில் பட வேண்டும். வாட்டர் பெட் வாங்கிவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று நினைக்காதீர்கள். எந்தப் படுக்கையானாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றியே ஆக வேண்டும். அதனால்தான் ஒரே ஆள் இரவும் பகலும் இந்த வேலையைச் செய்ய முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். முடியாமல் போவது உங்கள் பாசக்குறைவு இல்லை, உடம்பின் அளவு அவ்வளவுதான்.

இரண்டாவது கைக்கு எங்கே போவது? உறவினர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். துக்கம் விசாரிக்க வருவதுபோல் வந்துவிட்டு, "ஏதாவது உதவின்னா சொல்லும்மா" என்று கிளம்புகிறார்களே, அந்த இடத்தில் "சரி சொல்றேன்" என்று விட்டுவிடாதீர்கள். "செவ்வாய்க்கிழமை பத்து மணிலேர்ந்து பன்னெண்டு மணி வரைக்கும் வந்து இவர் பக்கத்துல உக்காருங்க, நான் ரேஷனுக்குப் போகணும்" என்று நாளும் நேரமும் வேலையும் சேர்த்துக் கேளுங்கள். பொதுவாகக் கேட்கும் உதவி பொதுவாகவே போய்விடும். மாத்திரை வாங்குவது ஒருவருக்கு, மருத்துவமனைக்கு அழைத்துப் போவது ஒருவருக்கு, வாரத்தில் ஒரு ராத்திரி ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் அங்கேயும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பல ஊர்களில் குழுப் பெண்கள் மாறி மாறி வந்து உட்கார்ந்து உதவுவதைப் பார்த்திருக்கிறேன்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை, பகலில் சில மணி நேரம் வந்து உதவும் ஆளுக்கென்றே ஒதுக்குங்கள். விடுமுறையில் வந்தால் முதல் இரண்டு நாள் அப்பாவை நீங்களே குளிப்பாட்டுங்கள், ராத்திரி நீங்களே புரட்டுங்கள். அப்புறம் உங்கள் மனைவியிடமோ அண்ணியிடமோ என்ன கேட்பது, என்ன சொல்வது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பு மகன், மகள், வயதுவந்த பேரன் பேத்தி எல்லோருக்கும் உண்டு என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் சொல்கிறது. எந்தப் பிள்ளையும் கண்டுகொள்ளாத நிலையில், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெற்றோரே மனு கொடுக்கலாம். அவரால் முடியாவிட்டால் அவர் சொல்லும் ஆள் கொடுக்கலாம். குடும்பம் உடையும் என்று தயங்குகிறவர்களே அதிகம், அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. வழி இருக்கிறது என்று தெரிந்திருந்தால் பேச்சுவார்த்தையில் குரல் நடுங்காது.

பண விஷயத்தில் பலரும் விட்டுவிடுவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. பிறவியிலேயே குறை உள்ளவர்களுக்குத்தான் அது என்று நினைக்கிறார்கள். பக்கவாதம் வந்து மாதக்கணக்கில் சிகிச்சை எடுத்தும் கை கால் திரும்பாதவரும் விண்ணப்பிக்கலாம். கடும் பாதிப்பு, அதாவது 75 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால், தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு போடலாம். 2023 ஜனவரியிலிருந்து அது மாதம் 2,000 ரூபாய். பார்க்கின்சன், தசைச் சிதைவு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் இந்தத் திட்டம் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான் இதற்கு வாசல்.

மறதி நோய் வந்தவர்களைப் பார்த்துக்கொள்வது வேறு மாதிரிச் சோதனை. ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு ஆற்றங்கரைப் பக்கம் நடந்துவிடுவார்கள். சாப்பிட்டு முடித்த கையோடு, "மருமக சோறே போடல" என்று தெருவில் சொல்வார்கள். அக்கம்பக்கத்தாரிடம் நோயை மறைக்காதீர்கள். டீக்கடைக்காரர், மினி பஸ் கண்டக்டர் வரை சொல்லி, சட்டைப் பையில் வீட்டு போன் நம்பரை எழுதி வையுங்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்த நாளில் உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு வருகிறார் என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "இவர் போயிட்டாத் தேவல" என்ற எண்ணம் ஒரு நொடி வந்துபோனதற்காக அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். தூக்கமில்லாத உடம்பில் அந்த எண்ணம் வரும். வந்ததால் நீங்கள் கெட்டவராகிவிட மாட்டீர்கள். அடிக்கடி வந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், நீங்களே இல்லாமல் போய்விடலாம் என்று தோன்றினால், 14416-க்கு உடனே கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அந்தச் சேவை இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. உடல்நல ஆலோசனைக்கு 104. முதியோர் தொடர்பான உதவிகளுக்கு, சொத்துத் தகராறு, கொடுமை உட்பட, 14567. அது காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. மூன்றையும் போனில் பதிந்து வையுங்கள்.

கடைசியாக, நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு. ஹார்லிக்ஸும் ஆப்பிளும் அந்த வீட்டில் ஏற்கெனவே நிறைய இருக்கும். கிளம்புவதற்கு முன் போன் போட்டு, "நாங்க எந்த நேரத்துல வந்தா உனக்கு வெளியில போக வசதிப்படும்?" என்று பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள். அவர் வெளியே போயிருக்கும்போது நோயாளிக்கு எதுவும் ஊட்ட வேண்டியிருந்தால், நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு ஸ்பூனால் கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுங்கள். படுத்தபடி தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. மூக்கில் டியூப் இருந்தால், வாய்வழியாக எதுவுமே வேண்டாம்.