உமுன்னா: இக்போ மக்களின் பங்காளிகள்

நைஜீரியாவின் தென்கிழக்கே இக்போ மக்களின் நாடு. அங்கே பெண் கேட்டு வருகிறவர்கள் பெண்ணின் பெற்றோரை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட முடியாது. அவளுடைய உமுன்னாவின் முன்னால் கோலாக் கொட்டையும் பனங்கள்ளும் வைத்துச் சம்மதம் பெற வேண்டும்.

'உமு' என்றால் பிள்ளைகள், 'ந்னா' என்றால் தந்தை. ஒரே தந்தைவழியில் வந்தவர்கள் உமுன்னா. உமுவோஜி, உமுன்சே என்று ஊர்ப் பெயர்களின் தலையிலும் அந்த 'உமு' நிற்கிறது.

தமிழில் இதைக் 'குலம்' என்றோ 'இனக்குழு' என்றோ எழுதிவிடுகிறோம். குலம் மிகப் பெரிது. இனக்குழு என்பதில் உறவின் சூடே இல்லை. நமக்கு 'பங்காளிகள்' என்ற சொல் இருக்கும்போது ஏன் வேறு தேட வேண்டும்? உமுன்னாவுக்குள் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதில்லை. பூர்வீக நிலத்தை விற்பதென்றால் அவர்களைக் கேட்காமல் விற்க முடியாது. சாவு வீட்டில் முன்னின்று நடத்துகிறவர்களும் அவர்களே. 'உமுன்னாதான் பலம்' என்பது அவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல். சொத்தும் தகராறும் அங்கேதான் என்பதால், பங்காளிக் காய்ச்சலுக்கும் குறைவில்லை.

வேர் மட்டும் வேறு. நம் சொல் பங்கிலிருந்து பிறந்தது, அவர்களுடையது தகப்பனிலிருந்து.

இதன் மறுபக்கம் இன்னும் அழகு. 'ந்னே' என்றால் தாய். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளையை 'ந்வான்னே' என்பார்கள். உடன்பிறவாத அந்நியரையும் பாசத்தோடு அப்படியே அழைப்பார்கள். தந்தைவழியில் மனம் முறிந்தவனுக்குத் தாய் பிறந்த வீடு அடைக்கலம். 'ந்னேகா' என்று பெண்ணுக்குப் பெயரே வைக்கிறார்கள்: தாயே பெரியவள். இந்த இடத்துக்கு 'மாமன் வீடு' என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை.

கட்டிக்கொடுத்த பெண்களும் உறவு அற்றுப் போவதில்லை. அவர்கள் 'உமுவாடா', பிறந்த வீட்டுப் பெண்கள். சாவுக்குத் திரண்டு வருவார்கள். அண்ணன் தம்பி சண்டையில் நியாயம் சொல்வார்கள். ஆனால் தந்தை சொத்தில் பங்கு என்று வந்தால் வழக்கம் அவர்களை வெளியே நிறுத்தியது. அது அரசமைப்புக்கு முரண் என்று நைஜீரிய உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது.

ஒனிச்சா போன்ற சில ஊர்கள் நீங்கலாக, பெரும்பாலான இக்போ ஊர்களில் அந்தக் காலத்தில் அரசன் இருந்ததில்லை. உமுன்னாக்கள் கூடிப் பேசி முடிவெடுத்தன. ஆங்கிலேயர்கள் அங்கே அதிகாரப் பத்திரம் கொடுத்துத் தலைவர்களை உட்கார வைத்தார்கள். அந்தத் தலைவர்கள் மீதிருந்த வெறுப்பும் பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற அச்சமும் சேர்ந்து 1929 நவம்பரில் ஒலோகோ என்ற ஊரில் பெண்களின் போராட்டமாக வெடித்தது. அது மற்ற ஊர்களுக்கும் பரவியபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 50க்கும் மேற்பட்ட பெண்கள் உயிரிழந்தார்கள்.