கீமோ நாற்காலியருகே ஒரு கிதார்

புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏறத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகிறது. நாற்காலியில் இருப்பவரின் கால் நிற்காமல் ஆடுகிறது. மூச்சு நிமிடத்துக்கு 24 முறை, அதுவும் நெஞ்சின் மேல்பாதியில் மட்டும். பக்கத்தில் கிதாரோடு உட்கார்ந்திருக்கும் இசைச் சிகிச்சையாளர் அமைதியான மெட்டு எதையும் எடுப்பதில்லை. ஆடும் காலின் வேகத்துக்கே தந்தியைத் தட்டுகிறார், நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தட்டு. இரண்டு மூன்று நிமிடம் கழித்து 95, பிறகு 90. ஒவ்வொரு படியிலும் நின்று நோயாளியின் தோள்பட்டையைப் பார்க்கிறார். மூச்சு கூடவே இறங்கி வந்தால் அடுத்த படி. வராவிட்டால் மறுபடி பழைய வேகம். இருபது நிமிடத்தில் 65, 70 வரை வந்து சேர்ந்தால் அன்றைக்கு அது நல்ல அமர்வு.

இருக்கும் மனநிலையிலிருந்தே தொடங்கும் இந்த முறையை 1940களில் வகுத்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர். பதறிக்கொண்டிருப்பவருக்கு எடுத்த எடுப்பில் தாலாட்டைப் போட்டால் எரிச்சல்தான் கூடும். ‘இந்த நோய்க்கு இந்த இசை’ என்று சுற்றிவரும் பட்டியல்கள் பயன்படாமல் போவதும் இதனால்தான். அவற்றில் நோயின் பெயர் இருக்கும், அந்த நேரத்தில் அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்பது இருக்காது.

இசை புற்றுக்கட்டியைக் கரைக்காது. அறுவை, கீமோ, ரேடியேஷன் ஆகியவற்றோடு சேர்த்துத் தரப்படும் துணைச் சிகிச்சை இது. பதற்றம், வலி, சோர்வு, மனச்சோர்வு ஆகிய நான்கும்தான் இதன் முக்கிய இலக்குகள்.

மூச்சுக் கணக்கைப் பார்த்தால் இது வேலைசெய்யும் விதம் ஓரளவு புரியும். நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு ஒரு விநாடி. நான்கு தட்டுக்கு மூச்சை இழுத்து, ஆறு தட்டுக்கு விட்டால் ஒரு சுற்று பத்து விநாடி, அதாவது நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் செயல்பாடு கூடி இதயத்துடிப்பு சற்றுத் தணியும். “மெதுவாக மூச்சு விடுங்கள்” என்று சொன்னால் பலருக்கு முடியாது, எண்ணத் தொடங்கினாலே பதற்றம் ஏறும். மெட்டின் அடியை நீட்டினால் எண்ணாமலே மூச்சு நீள்கிறது.

வலிக்கு வேறு வழி. தண்டுவடத்தில் வலிச் சைகைகளைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஒரு ‘கதவு’ உண்டு என்று 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னார்கள். அந்தக் கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் மாறின. ஆனால் மூளையிலிருந்து கீழிறங்கும் நரம்புப் பாதைகள் வலியை அடக்கவல்லவை என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. கவனமும் உணர்ச்சியும் அந்தப் பாதைகளைத் தூண்டுகின்றன. மனதுக்குப் பிடித்த இசை கேட்டு மெய்சிலிர்க்கும் நேரத்தில் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதை 2011இல் ஒரு ஆய்வு படம்பிடித்துக் காட்டியது. அதில் பங்கேற்றவர்கள் கேட்டது அவரவரே தேர்ந்தெடுத்த இசை.

ஆதாரம் எவ்வளவு? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2021 தொகுப்பாய்வு 81 சோதனைகளை, 5,576 பேரின் தரவுகளை அலசியது. பெரியவர்களிடம், 20 முதல் 80 வரை போகும் பதற்ற அளவுகோலில் சராசரியாக 7.73 புள்ளி குறைந்திருந்தது. நோயாளிக்குத் தெரிகிற அளவு மாற்றம்தான். ஆனால் ஆதாரத்தின் உறுதி குறைவு என்று அதே ஆய்வு சொல்கிறது. மாத்திரையைப் போல இங்கே போலி மருந்து கொடுத்து ஏமாற்ற முடியாது. இசை கேட்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரியும், மதிப்பெண் போடுபவரும் அவரேதான். இன்னொரு சிக்கல், அந்தச் சோதனைகளில் பாதிக்குமேல் பதிவுசெய்த இசையைக் கேட்கவைத்தவை. பயிற்சி பெற்றவர் எதிரே உட்கார்ந்து மாற்றி மாற்றி வாசிப்பதும் அதுவும் ஒன்றாகாது.

தவறு நேரும் இடங்கள் பெரும்பாலும் மருந்தோடு சம்பந்தப்பட்டவை. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து காதைத் தாக்கும். முதலில் போவது உச்ச சுருதி ஒலிகள், அது பெரும்பாலும் திரும்பாது. அந்த மருந்து பெறுபவர் ‘சரியாகக் கேட்கவில்லை’ என்று ஒலியைக் கூட்டினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காதில் புதிதாக இரைச்சல் என்றாலும் அப்படியே. ஆக்ஸாலிபிளாட்டின் பெறுபவருக்குக் குளிர்ந்த உலோகம் பட்டாலே விரல் சுரீரென்று கூசும், ஆகவே அவர் கையில் மணியையோ சலங்கையையோ கொடுக்கக் கூடாது. வின்கிரிஸ்டின், பாக்லிடாக்ஸல் விரல் நுனியை மரத்துப்போகச் செய்யும். தந்தியை அழுத்துவது கடினம், மென்மையான தட்டல் கருவி நல்லது. இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் மிகக் குறைந்திருந்தாலோ எலும்புக்குப் புற்று பரவியிருந்தாலோ அந்தத் தட்டலும் வேண்டாம். வாய்ப்புண் இருப்பவரைப் பாடச் சொல்லக் கூடாது, வாய் திறக்காமல் முணுமுணுத்தாலே போதும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோபிலின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போனவரின் அறைக்குள் போகும் கருவியைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். வாயில் வைத்து ஊதும் கருவியைப் பகிர்வது அறவே கூடாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. கீமோ அறையின் வாசனையே சிலருக்குக் குமட்டலைக் கொண்டுவரும், உடல் இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொள்வதால். பாட்டும் அந்த வலையில் சிக்கலாம். உயிருக்கு உயிரான பாட்டை ஊசி ஏறும் நேரத்தில் திரும்பத் திரும்பப் போடாமல் வீட்டுக்கென வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கீமோ நேரத்துக்கு, பிடித்தவைதான் ஆனால் இழந்தாலும் பரவாயில்லை என்கிற பாட்டுகள் போதும்.

வீட்டில் உடனிருப்பவர் செய்யக்கூடியது எளிது. பாட்டைப் போடுவதற்கு முன் பதற்றத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் கேளுங்கள். இருபது முப்பது நிமிடம் கழித்து மறுபடி கேளுங்கள். மூன்று நான்கு முறை எழுதிவைத்தால் எந்தப் பாட்டு உதவுகிறது என்று தானே தெரியும். எண் ஏறினாலோ அடக்க முடியாத அழுகை வந்தாலோ அந்தப் பாட்டை ஒதுக்கிவிட்டு, பயிற்சி பெற்றவரிடம் சொல்லுங்கள்.

ரேடியேஷன் அறையின் விதிகள் வேறு. தலை அசையாமலிருக்க மேசையோடு சேர்த்துப் பொருத்தும் முகக்கவசம் பூட்டியிருந்தால் ஹெட்போன் பொருந்தாது, அறை ஒலிபெருக்கிதான். காலைத் தட்டவைக்கும் தாளம் ஆகாது, அசைந்தால் கதிரின் குறி தவறும். மார்புப் பகுதிக்கு ரேடியேஷன் என்றால் மூச்சை நீட்டும் மெட்டையும் தொழில்நுட்பரைக் கேட்காமல் போடக் கூடாது, ஏனெனில் திட்டமிட்ட மூச்சின் அளவுக்கே குறி வைத்திருப்பார்கள். அங்கே பாட்டு கடிகாரமாக உதவும். நான்காவது பாட்டு முடியும்போது வெளியே வந்துவிடலாம் என்று தெரிந்தால் தனிமை சற்றுக் குறையும். இசை வேண்டாம் என்று தோன்றினால் எந்தக் கையைத் தூக்க வேண்டும் என்பதை மட்டும் கவசம் பூட்டும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும், பூட்டிய பிறகு வாயால் சொல்ல முடியாது.