ஒரே சுருதியில் இரண்டு குரல்கள்

தந்தியைச் சுண்டி ஒலிக்கும் பழைய கீபோர்டு வாத்தியமான ஹார்ப்சிகார்டுக்காக ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா, இன்னும் பெரிய செல்லோ மூன்றை மட்டும் வைத்து எப்படி வாசிக்கிறார்கள், பாதி சுரம் விட்டுப்போகாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பெரும்பாலும் போகாது. 1741இல் அச்சான அந்தப் படைப்பில் ஒரு ஆரியா (தொடக்க மெட்டு), அதை ஒட்டி மாற்றி மாற்றி எழுதிய 30 வேரியேஷன்கள். பல இடங்களில் இசை இரண்டு மூன்று தனித்தனி குரல்களாகவே ஓடுகிறது. 1985இல் வயலின் கலைஞர் திமித்ரி சிட்கோவெட்ஸ்கி அதை ஸ்ட்ரிங் ட்ரியோவாக (மூன்று வில் வாத்தியங்களுக்கு) மாற்றியபோது அந்தக் குரல்களை ஆளுக்கொன்றாகப் பங்கிட முடிந்தது. நான்கு குரல் வந்தால் ஒருவர் இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையான வேடிக்கை நம் காதில் நடக்கிறது. மூன்றாவது வேரியேஷனில் ஒரு மெட்டு தொடங்கி, ஒரு தாளக்கட்டு தள்ளி, அதே மெட்டு அதே சுருதியில் பின்தொடர்கிறது. ஹார்ப்சிகார்டில் இரண்டுக்கும் ஒரே நாதம். எது முன்னே, எது பின்னே என்று பிரிப்பது கடினம். ஒன்றை வயலினுக்கும் மற்றதை வயோலாவுக்கும் கொடுத்தால் சட்டென்று விலகி நிற்கும்.

காதுக்கு வந்து சேர்வது கலந்துபோன ஒரே காற்றலை. அதிலிருக்கும் நூற்றுக்கணக்கான மேற்சுரங்களில் (ஒவ்வொரு சுரத்தோடும் சேர்ந்தே ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகளில்) எவை ஒன்றாகத் தொடங்குகின்றனவோ, ஒன்றாக நடுங்குகின்றனவோ, அவற்றை மூளை ஒரு கட்டாகக் கட்டிவிடும். வயலின்காரர் விரலை அசைத்தால் அவர் தந்தியின் மேற்சுரங்கள் எல்லாம் சேர்ந்தே அசையும். பக்கத்து ஆளின் விரல் அதே கணத்தில், அதே அளவு அசையப்போவதில்லை. ஆக, இரண்டு கட்டுகள், இரண்டு குரல்கள்.

வயோலாவின் குறையும் இங்கே கைகொடுக்கிறது. வயலினைவிட அதன் சுருதி ஒரு பஞ்சமம் (ச–ப இடைவெளி) கீழே, அதாவது அதிர்வெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு. கணக்குப்படி பெட்டி ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 53 செ.மீ. இருக்க வேண்டும். அதைத் தாடைக்கடியில் யார் பிடிப்பது? அதனால் 40, 42 செ.மீ.யில் நிறுத்திவிட்டார்கள். பெட்டி தானாகவே பலமாக அதிரும் சுருதிகள் (ஒத்ததிர்வுகள்) வாசிக்கும் சுரங்களோடு சரியாகப் பொருந்தாமல் போக, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி நாதம். அதனாலேயே வயலினோடு கரையாமல் நிற்கிறது.

சரி, எதை இழக்கிறோம்? வில் தந்தியைப் பற்றி இழுக்கும், தந்தி வழுக்கித் திரும்பும். 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் நொடிக்கு 440 முறை. சி.வி. ராமன் 1918இல் இதைப் பற்றியே நீண்ட ஆய்வு வெளியிட்டார். இன்று நிதி கேட்டுப் போயிருந்தால் 'இதனால் யாருக்கு என்ன பயன்' என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். இந்தப் பற்றல்–வழுக்கல் சீராக அமைய ஒவ்வொரு சுரத்துக்கும் சிறிது நேரம் வேண்டும்; சுண்டிவிடும் ஹார்ப்சிகார்டுக்கு வேண்டாம். அதனால் 29ஆவது வேரியேஷனில் இரு கைகளும் மாறி மாறிக் கொட்டும் கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களை) எத்தனை நல்ல ட்ரியோ வாசித்தாலும், என் ஓட்டு ஹார்ப்சிகார்டுக்குத்தான்.