அப்பாவுக்கு ஏன் ஸ்கோர் இல்லை?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு பழைய மாணவி போன் செய்தாள். சித்தூரில் (நம் பாலக்காட்டுச் சித்தூர்; ஆந்திராச் சித்தூர் வேறு) ஒரு கடன் கம்பெனியில் சேர்ந்து பயிற்சி வகுப்பில் இருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் சிபில் அறிக்கையை (யார் கடனை எப்படிக் கட்டினார் என்று திரட்டி வைக்கும் கம்பெனி சிபில்) அப்பாவை விட்டே எடுக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

“மாஷே, அப்பா இருபது வருசமா மளிகைக் கடைப் பற்றை மாசம் தவறாம தீர்க்கறாருங்க. குறிச் சீட்டுப் பணமும் ஒரு நாள் பிந்தினதில்ல. ஆனா ஸ்கோருக்குப் பதிலா என்.எச்.னு, அதாவது ‘நோ ஹிஸ்டரி’ன்னு வருதே, இது எந்த ஊரு நியாயம்?”

300 முதல் 900 வரை போகும் சிபில் ஸ்கோரைப் பற்றிப் பலருக்கும் தெரியும். வங்கிகள் அனுப்பும் விவரங்களிலிருந்து அது வருகிறது: தவணை தவறியதா, கிரெடிட் கார்டு வரம்பில் எவ்வளவு செலவழித்தார், எத்தனை இடத்தில் புதுக்கடன் கேட்டார். சம்பளம் அதில் சேராது. இது போக, ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு ஸ்கோர்கார்டு, அதாவது எந்தத் தகவலுக்கு எத்தனை புள்ளி என்ற பட்டியல், வைத்துக்கொள்ளலாம். அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்.

கற்பனையாக ஒரு பழைய கடன் நோட்டை எடுத்துக்கொள்வோம். 1,100 பேரில் 1,000 பேர் ஒழுங்காகக் கட்டினார்கள்; 100 பேர் மூன்று மாதம் தாண்டியும் கட்டவில்லை. கட்டியவர் பத்துக்குக் கட்டாதவர் ஒன்று. இதில் ஒரே வீட்டில் ஐந்து வருஷத்துக்கு மேல் குடியிருப்பவர்களை மட்டும் எண்ணுங்கள். கட்டியவர்களில் 400 பேர், கட்டாதவர்களில் 20 பேர் என்று வருகிறது. இருபதுக்கு ஒன்று! அந்த ஒரு தகவலே நம்பிக்கையை இரட்டிப்பாக்கிவிட்டது. அடுத்து, பழைய கடனைத் தவறாமல் அடைத்தவர்கள்: கட்டியவர்களில் 60 சதவீதம், கட்டாதவர்களில் 15 சதவீதம். நான்கு மடங்கு. இரண்டும் பொருந்துகிறவருக்கு 10 × 2 × 4, அதாவது எண்பதுக்கு ஒன்று.

இருபது தகவல்களை இப்படிப் பெருக்கிக்கொண்டே போனால் கவுண்டரில் இருப்பவருக்குத் தலை சுற்றும். மடக்கை (லாகரிதம்) அட்டவணை ஞாபகம் இருக்கிறதா? பெருக்க வேண்டிய எண்களின் மடக்கைகளைக் கூட்டினால் போதும். நம்பிக்கை இரட்டிப்பானால் 20 புள்ளி என்று வையுங்கள். நான்கு மடங்குக்கு 40, எட்டு மடங்குக்கு 60. பாதியாகக் குறைந்தால் 20 கழியும். பத்துக்கு ஒன்று என்ற தொடக்கத்துக்கு 600 கொடுத்தால் நம் ஆளுக்கு 660. அவ்வளவுதான், கடைச் சிட்டையைக் கூட்டுவது மாதிரி! முப்பது வருஷம் மடக்கை நடத்தியும், இதைப் போர்டில் போடும்போதெல்லாம் எனக்குக் குஷி வந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா சங்கேதத்தை உடைக்கக் கணித மேதை ஆலன் டூரிங் துப்புகளுக்குப் புள்ளி போட்டுக் கூட்டியதும் இந்த வழியில்தான். 1956இல் அமெரிக்காவில் பில் ஃபேரும் ஏர்ல் ஐசக்கும் தொடங்கிய நிறுவனம் இப்படிக் கடனுக்குப் புள்ளி போடுவதையே ஒரு தொழிலாக ஆக்கியது.

“ஜோசியரும் பத்துப் பொருத்தத்துல எட்டு தேறுதுன்னு கூட்டித்தானே சொல்றாரு?” என்றாள். கூட்டுகிறார், சரி. ஆனால் எட்டு தேறிய கல்யாணங்களில் எத்தனை நிலைத்தன, மூன்றே தேறியவற்றில் எத்தனை நிலைத்தன என்று எண்ணிப் பார்த்து ரஜ்ஜுப் பொருத்தத்தின் மதிப்பைத் திருத்திய ஜோசியரை நான் பார்த்ததில்லை. ஸ்கோர்கார்டை அவ்வப்போது அப்படித் திருத்தியே ஆக வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. சொந்த வீட்டுக்கும் புள்ளி, ஒரே வீட்டில் நெடுநாள் இருப்பதற்கும் புள்ளி என்றால், ஒரே சாட்சி சட்டை மாற்றிக்கொண்டு இரண்டாம் முறை கூண்டேறுகிற கதைதான். அந்தப் புள்ளிகளில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற கணக்கு பார்த்துக்கொள்ளும்.

அப்பாவுக்கு வருவோம். தகவலே இல்லாவிட்டால் நம்பிக்கை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஒரு மடங்கு. ஒன்றின் மடக்கை பூஜ்யம். என்.எச். என்பது கெட்ட பெயர் அல்ல, புள்ளி போட எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான். கடைக்காரரின் பற்று நோட்டும் தெருக் குறியும் சிபிலுக்குப் போவதில்லையே. கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் முதல்முறை கேட்பவரைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. தள்ளுவதில் எனக்கு இன்னொரு ஆத்திரமும் உண்டு: தள்ளப்பட்டவர் கட்டியிருப்பாரா என்பது நோட்டில் ஏறவே ஏறாது. அடுத்த ஸ்கோர்கார்டும் அவர் இல்லாத நோட்டிலிருந்துதான் பிறக்கும்.

வங்கியில் சின்னதாக ஒரு நகைக்கடன் வாங்கி ஒழுங்காக அடைத்தால் ஸ்கோர் முளைத்துவிடும் என்றேன். அவளும் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

“காசு கையில இருக்கறப்ப வளையலக் கொண்டுபோய் வெச்சு வட்டி கட்டச் சொல்றியே, இதச் சொல்லிக்குடுக்கத்தான் உங்களுக்கு வகுப்பு நடத்தறாங்களா?” என்றாராம்.