யானை லத்தியில் கிடைத்த நொதி

"மக்காச்சோள மாவுச்சத்தில் எத்தனால் எடுக்கிறார்கள், சரி. மிஞ்சுகிற நாரில் எடுக்க முடியாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முடியும். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கால்வா என்ற ஊரின் ஆலை 2014-லேயே தொடங்கிவிட்டது. மணியின் உலர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நார்தான்.

மாவுச்சத்தை நொதிகள் குளுக்கோஸாக உடைக்கும். ஈஸ்ட் அதை எத்தனாலாக்கும். அப்புறம் வடித்து, நீரை நீக்க வேண்டும். பள்ளிப் பாடம்தான். நாரிலுள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான், உடைக்க வேறு நொதி வேண்டும், அவ்வளவே. வம்பு நாரின் இன்னொரு பகுதியான ஹெமிசெல்லுலோஸில். அதை உடைத்தால் சைலோஸ் என்ற ஐந்து கார்பன் சர்க்கரை நிறைய வரும். ஆலை ஈஸ்ட்டுக்கு அதை நொதிக்கத் தெரியாது.

சைலோஸை சைலுலோஸ் என்ற இன்னொரு சர்க்கரையாக மாற்றிக் கொடுத்தால் போதும், மீதியை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். இதற்காக முதலில் வேறொரு ஈஸ்ட் இனத்தின் இரண்டு மரபணுக்களைப் புகுத்தினார்கள். முதல் நொதி சைலோஸை சைலிட்டாலாக்கும். அதற்குப் பெரும்பாலும் என்ஏடிபிஎச் என்ற துணை மூலக்கூறு செலவாகும். இரண்டாவது நொதி சைலிட்டாலை சைலுலோஸாக்கும். அதற்கு என்ஏடி என்ற வேறு துணை மூலக்கூறு வேண்டும். இரண்டு கவுண்டரில் இரண்டு நிற டோக்கன், மாற்றித்தர ஆளில்லை என்கிற கதை. ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் செலவான என்ஏடி திரும்பி வராது. சைலிட்டால் தேங்கிவிடும். சர்க்கரையில்லா சூயிங்கத்தில் இனிப்புக்குப் போடுவார்களே, அதுதான்.

சைலோஸுக்கும் சைலுலோஸுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே: ஐந்து கார்பன், பத்து ஹைட்ரஜன், ஐந்து ஆக்சிஜன். ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு முதல் கார்பனிலிருந்து இரண்டாவதுக்கு நகர்ந்தால் போதும். சைலோஸ் ஐசோமரேஸ் என்ற நொதி ஒரே அடியில், டோக்கனே கேட்காமல், அதைச் செய்துவிடும்! ஆனால் பாக்டீரியாக்களின் ஐசோமரேஸ் மரபணுக்கள் ஈஸ்ட்டுக்குள் சரியாக எடுபடவில்லை. கடைசியில் கைகொடுத்தது பைரோமைசஸ் என்ற பூஞ்சை. இந்திய யானையின் லத்தியிலிருந்து பிரித்தெடுத்தது. அதன் மரபணு ஈஸ்ட்டில் நன்றாக வேலை செய்வதை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகக் குழு 2003-ல் காட்டியது.

யானை லத்தியில் பூஞ்சை தேடப் பணம் கேட்டால் நிதி தரும் குழுக்கள் சிரிக்கும். 'உடனடிப் பயன் என்ன?' என்ற கட்டத்தை விண்ணப்பத்திலிருந்தே எடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

இன்னொரு தொல்லை மிச்சமிருக்கிறது. குளுக்கோஸும் சைலோஸும் ஈஸ்ட்டுக்குள் நுழைவது ஒரே வாசல் புரதங்கள் வழியாக. குளுக்கோஸ் தீரும்வரை சைலோஸ் பெரும்பாலும் வெளியேதான் நிற்கும். அந்தப் புரதங்களையே மாற்றியமைக்கும் வேலையும் நடக்கிறது. நார் எவ்வளவு கரைகிறதோ அவ்வளவுக்கு, கடைசியில் மிஞ்சித் தீவனமாகப் போகும் சக்கையில் புரத விகிதம் கூடும். நாரைச் செரிக்கத் திணறும் கோழிக்கும் பன்றிக்கும் அது லாபம்.